மிச்சக் கம்பளியில் ஒரு பூசணிக்காய்

குரோஷா பின்னுகிற எல்லா வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள். ஸ்வெட்டர் பின்னி மீந்தது, பச்சைக் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னி மீந்தது, நிறம் பிடிக்காமல் பாதியில் பிரித்துப் போட்டது என்று சின்னச் சின்ன உருண்டைகளாகக் கம்பளி சேர்ந்துகொண்டே போகும். எதற்கும் பற்றாது. தூக்கிப் போடவும் மனசு வராது. என்னிடம் இருந்தது ஒரு முழு அரிசிச் சாக்கு. "நாகர்கோவில் வெயிலில் இவ்வளவு கம்பளியா?" என்று என் வீட்டுக்காரர் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவார். ஊட்டியில் இருக்கும் அவருடைய தம்பி பிள்ளைகளுக்குத்தான் முக்கால்வாசியும் பின்னினேன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வராது.

அந்தச் சாக்கு காலியான கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வந்து இருக்கிறாள். எழுபத்தி நாலு வயது. க்ளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்தத்தால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் தெரியும். கிட்டே பிடித்தால் பெரிய சாமானும் அழுத்தமான நிறமும் தெரியும். ஊசிக்காது, எழுத்து, அரிசியில் கல் இதெல்லாம் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த நோய் வலியில்லாமல் வரும். முதலில் பக்கவாட்டுப் பார்வையைத்தான் தின்னும். அதனால் ரொம்ப நாளைக்கு ஒன்றும் தெரியாது. கதவு நிலையில் அம்மா அடிக்கடி இடித்துக்கொண்டபோது "பாத்து வரக்கூடாதா அம்மா" என்று சலித்துக்கொண்டவள் நான். போன பார்வை திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னதால் நானும் என் அக்காவும் வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்துக்கொள்கிறோம். நாற்பதைத் தாண்டிய சகோதரிகள் கண்ணாடி மாற்றப் போகும்போது இதையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

அம்மா மட்டும் அது நூல் செய்த வேலை என்றே நம்பிக்கொண்டிருந்தாள். "முப்பது வருசம் வெள்ளை நூலைப் பாத்துப் பாத்து எனக்க கண்ணு அவிஞ்சு போச்சு" என்பாள். "நூலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை பாட்டி" என்று டாக்டரே சொல்லியும் கேட்கவில்லை. பகலெல்லாம் முன்திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். சேலைத் தலைப்பின் ஓரத்தை விரல்கள் சும்மா உருட்டிக்கொண்டே இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது குரோஷா போடுகிற விரல் அசைவு.

எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாகர்கோவிலுக்கு ரேந்தை இருநூறு வருஷப் பழக்கம். 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் இங்கே வந்த சார்ல்ஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், தன் பள்ளிக்கூடப் பெண்களுக்கு ரேந்தை போடக் கற்றுக்கொடுத்தார். தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டு எடுக்கிற வேலை அது. 1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிவரை அந்த ரேந்தை போயிருக்கிறது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தைக் காசைக் கொடுத்தே தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாற்றில் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். ரேந்தை என்ற சொல்லே போர்த்துகீசியச் சொல். சொல் ஒரு நாட்டிலிருந்தும் வேலை இன்னொரு நாட்டிலிருந்தும் வந்து நம் பெண்கள் கையில் சேர்ந்தது.

அம்மா செய்தது தலையணை ரேந்தை அல்ல, குரோஷா. ஒரே ஒரு கொக்கி ஊசி இருந்தால் போதும் என்பதால் அது வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. மேஜை விரிப்பு, தட்டுக்கு அடியில் போடும் வட்டத் துண்டு இவையெல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். எங்கள் தெருவில் ஒரு அக்கா நூலை நிறுத்துக் கொடுப்பார். பதினைந்து நாள் கழித்துப் பின்னிய துண்டுகளையும் மீந்த நூலையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பார். கொடுத்த எடை வர வேண்டும். குறைந்தால் கூலியில் பிடித்தம். நூலின் மிச்சம்கூட அம்மாவுடையது அல்ல. சாண் நீளத் துணுக்கையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் திருப்பிக் கொண்டுபோவாள். ஆயிரக்கணக்கில் பின்னியிருப்பாள். எங்கள் வீட்டு மேஜையில் ஒரு துண்டு விரித்து நான் பார்த்ததில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. ஆந்திராவில் நர்சாபூர் குரோஷா ரேந்தைக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே நர்சாபூர்ப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையார் 1982-இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். வீட்டில் சும்மா இருக்கிற பெண்களின் ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்தே கூலியைக் குறைத்தார்கள் என்கிறது அந்தப் புத்தகம். என் மகள் கல்லூரிப் பாடத்துக்காக அதைப் பற்றிப் படித்துச் சொன்னபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "சும்மா இருந்த நேரமா? அது எப்பம்?" என்று மட்டும் கேட்டாள்.

போன புரட்டாசியில், கனடாவில் இருக்கும் அக்கா மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். அங்கே இலையுதிர் காலம் வந்தால் வாசலில் பூசணிக்காய், காய்ந்த சோளக் கதிர், சிவந்த இலை என்று அடுக்கி வைப்பார்களாம். ஒரு வீட்டு வாசலில் இருந்த பூசணிக்காய் கம்பளியில் பின்னியது. ஒரு பிள்ளை ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரிசு. நான் அம்மாவிடம் படத்தை விவரித்தேன். "எல எதுக்கு செவக்குது?" என்று கேட்டாள். குளிருக்கு முன்னால் மரம் இலையை விடுகிறது என்றேன். "நம்ம ரப்பர் மரம் போல" என்றாள். உண்மைதான். மார்கழி, தை மாதங்களில் குலசேகரம் பக்கம் பஸ்ஸில் போனால் ரப்பர்த் தோட்டங்கள் சிவந்து உதிர்வதைப் பார்க்கலாம். நமக்கும் இலையுதிர் காலம் இருக்கிறது, கொஞ்சம் பிந்தி வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஐப்பசியில் வரும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடை புரட்டாசியோடு முடிகிற சமயம். வாழைக்குலை, கரும்பு, இளநீர், நெற்கதிர் எல்லாம் ஆலயத்துக்குள் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். படத்தைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிசு என்கிற ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் சுற்றியது. அம்மாவுக்குச் சின்ன நூல் தெரியாது, சரி. கயிறு மாதிரித் தடிமனான நூலும் கைப்பிடி மாதிரி ஊசியும் கொடுத்தால்?

அவ்வளவு பெரிய ஊசி கடையில் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் பழைய குரோஷா ஊசியைக் காட்டி, சுண்டு விரல் பருமனில் பலாக்கட்டையில் ஒன்று செதுக்கித் தரச் சொன்னேன். சிரித்தார். ஆனால் உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாகத் தேய்த்துத் தேங்காய் எண்ணெயும் பூசிக் கொடுத்தார். சாக்கைக் கவிழ்த்து மஞ்சள், ஆரஞ்சு, காவி, தவிட்டு நிறம் எல்லாவற்றையும் பொறுக்கி, நாலு இழைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய உருண்டையாகச் சுற்றினேன். ஒரு இழை தீர்ந்தால் வேறு நிறத்தை முடிச்சுப் போட்டுத் தொடரலாம். நாலு இழை சேரும்போது நிறம் கலந்து உண்மையான பூசணித் தோல் மாதிரியே தெரிகிறது. மிச்சக் கம்பளிக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை.

அம்மா முதலில் ஊசியைத் தொடவே இல்லை. "கண்ணு தெரியாதவளுக்க கையில குடுத்து கேலி செய்யியா?" என்றாள். நான் பதில் சொல்லாமல் முதல் சங்கிலியைப் போட்டு மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். மீன் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தால் சங்கிலி தரைவரை நீண்டு கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பத்துக் கண்ணி. நிறுத்தத் தோன்றவில்லையாம்.

செய்முறை கேட்பீர்கள், சொல்கிறேன். பூசணிக்காய் என்றதும் உருண்டையாகப் பின்ன வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஐம்பது கண்ணிச் சங்கிலி போட்டு, டபுள் குரோஷாவில் ஐம்பத்தைந்து வரிசை நேராகப் பின்னுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முன் வரிசைக் கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசியை விட வேண்டும். அப்போதுதான் வரி வரியாக மேடு எழும்பும். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சேர்த்துத் தைத்தால் ஒரு குழாய் கிடைக்கும். ஒரு வாயை நூல் கோத்துச் சுருக்கிக் கட்டி, உள்ளே இலவம்பஞ்சை அடைத்து, மறு வாயையும் சுருக்குங்கள். பிறகு கோணி ஊசியில் உறுதியான சரட்டைக் கோத்து, மேலிருந்து நடுவாகக் கீழே இறக்கி, வெளிப்புறமாகச் சுற்றி மேலே கொண்டுவந்து இழுத்துக் கட்டினால் ஒரு பள்ளம் விழும். இப்படி எட்டுப் பள்ளம். காம்புக்குத் தவிட்டு நிறத்தில் ஒரு சின்னக் குழாய். எங்கள் பூசணி ஒன்றரை அடி அகலம் வந்தது. கம்பளி மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. (நான் சொல்வது மஞ்சள் பூசணி. எங்கள் பக்கம் வெள்ளைப் பூசணிக்குத் தடியங்காய் என்று பெயர். அது அவியலோடு சரி.)

பின்னல் முழுக்க அம்மாவுடையது. நான் பஞ்சு அடைத்தேன், தைத்தேன், வரிசை எண்ணினேன். எண்ணுவதில்கூடத் தப்பு செய்தேன். "முப்பத்தி ரெண்டு" என்றபோது அம்மா விரலால் ஓரத்தை நீவிவிட்டு, "முப்பத்தி மூணு. நடுவுல ஒரு கண்ணி வேற விட்டுருக்கேன், நீ பாக்கல்லியா?" என்று கேட்டாள். பார்க்கவில்லைதான். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான் பார்க்கவில்லை.

நாற்பதாவது வரிசையில் உருண்டை தீர்ந்தபோது, கடைசியில் ஒரு முழ நூல் மீந்தது. அதைக் கத்தரித்துக் குப்பையில் போடப் போனேன். அம்மா சட்டென்று கையைப் பிடித்தாள். "வையி மக்ளே. எடை கொறையும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது. முப்பத்தெட்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று அந்த வார்த்தையில் இருந்தது.

எனக்கு எட்டு வயசிருக்கும். பொம்மைக்குப் பாவாடை பின்ன ஆசைப்பட்டு, அம்மாவின் நூல் பையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து ஒளித்து வைத்தேன். அந்த முறை நிறுக்கும்போது இரண்டு உருண்டை எடை குறைந்தது. நூல் கொடுக்கிற அக்கா, நாலு பேர் முன்னால் அம்மாவை "நூல் கள்ளி" என்று சொன்னார். கூலியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று எங்கள் வீட்டில் மரச்சீனிக்கிழங்கு மட்டும்தான். பொம்மைப் பாவாடையை நான் பின்னவே இல்லை. உருண்டையைக் கிணற்றடியில் புதைத்துவிட்டேன். நான் எடுத்தது ஒன்று, குறைந்தது இரண்டு. அதனால் அந்த அக்கா தராசில் ஏமாற்றுகிறவர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெருவில் அவரைக் கண்டால் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். என் குற்றத்தில் பாதியை அவர் தலையில் வைத்துவிட்டால் கொஞ்சம் இலேசாக இருந்தது போலும்.

பூசணிக்காய் எங்கள் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது. சொல்லிவிட்டேன். அம்மா பின்னலை நிறுத்தவில்லை.

"எத்தன எடுத்தே?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்று இரண்டு மூன்று கண்ணி போட்டாள். "மற்றது நான் எடுத்தது."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"அந்த வருசம் கிறிஸ்மசுக்கு ஒனக்கு ஒரு ரோஸ் கவுன் தச்சம்லா. கழுத்துல ஒரு ரேந்தை வச்சேன். ஊரு உலகத்துக்கெல்லாம் பின்னிக் குடுக்கேன், எனக்க பிள்ளைக்கு ஒரு சாண் இல்லியேன்னு இருந்துது. ஒரு உருண்டதான், எடையில தெரியாதுன்னு நெனச்சேன். ரெண்டு கொறைஞ்சப்பம் அவ கள்ளக் கணக்கு போடுகான்னு எனக்கும் கோவந்தான். ஆனா எப்படிக் கேக்க? எனக்க கையிலயும் ஒண்ணு இருந்துதே."

ரோஸ் கவுன் எனக்கு நினைவிருக்கிறது. கழுத்து ரேந்தை கடையில் வாங்கியது என்று நினைத்திருந்தேன். அந்த கவுனை எனக்குப் பிறகு சித்தி பிள்ளை போட்டது, அதற்குப் பிறகு யார் போட்டார்களோ தெரியாது. வீட்டில் ஒரு துண்டுகூட இருந்ததில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். இருந்திருக்கிறது, என் கழுத்திலேயே.

அதற்குப் பிறகு அம்மா சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து வந்து, "என்ன விசேஷம்?" என்றார். "ரெண்டு கள்ளியும் பிடிபட்டோம்" என்றாள் அம்மா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்களும் விளக்கவில்லை.

பூசணியோடு நிற்கவில்லை. மூன்றடி நீளத்தில் ஒரு நெற்கதிர்க் கட்டும் செய்தோம். ஒவ்வொரு கதிரும் ஒரு தடித்த சங்கிலி. அதில் இரண்டு கண்ணிக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் நாலு டிரிபிள் போட்டு இறுக்கி முடித்தால் மணி போல உருண்டு நிற்கும். இருபது கதிரைச் சேர்த்து அடியில் கட்டினால் நிஜக் கதிர் மாதிரி வளைந்து தொங்கும். தோவாளைப் பூச்சந்தையில் பண்டிகை நாளில் கேந்திப் பூ விற்கிற விலையை நினைத்து, தட்டளவு கேந்திப் பூக்கள் பன்னிரண்டும் பின்னினோம். அவற்றை அடுத்த வருஷமும் எடுத்துக் கட்டலாம். ஒரே எச்சரிக்கை: இந்தக் கம்பளியில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் கிடையாது, அக்ரிலிக்தான். தீப்பட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும். மெழுகுவர்த்தி, குத்துவிளக்கு அருகில் வைக்கவே கூடாது. பூசணி மழையில் நனையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குப் பயந்து நாங்கள் பஞ்சை ஒரு பாலிதீன் பையில் கட்டித்தான் உள்ளே அடைத்தோம்.

பண்டிகையன்று பூசணியை ஆலயத்தின் முன்வரிசையில் வாழைக்குலைகளுக்கு நடுவில் வைத்தார்கள். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பயல் ஜெபம் நடக்கும்போதே ஏறி உட்கார்ந்துவிட்டான். ஏலத்தில் முதலில் ஒரு சேவல் போனது, பிறகு இரண்டு செவ்வாழைக்குலை. பூசணியைத் தூக்கியபோது "இத குழம்பு வைக்கலாமா?" என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நூறில் ஆரம்பித்து ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் போனது. எடுத்தது ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்து கதை கேட்க என்றார். ஏலம் கூறியவர், "செய்தது யாரு?" என்று கேட்டு அம்மாவின் பெயரைச் சொன்னார். முப்பது வருஷம் பின்னியதில் அவள் பெயர் ஒரு துண்டிலும் போகவில்லை.

அந்த நூல் கொடுத்த அக்காவும் பின்வரிசையில் இருந்தார். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வெளியே வரும்போது நானாகப் போய் "சுகமா அக்கா?" என்று கேட்டேன். என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அம்மைக்க கண்ணு எப்படி இருக்கு?" என்றார். பழசு ஒன்றும் பேசவில்லை. நெற்கதிர்க் கட்டை நான்தான் ஏலத்தில் எடுத்திருந்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாக்கைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்ச நேரம் அசைக்காமல் பிடித்திருந்தாள்.

"ரெண்டு கிலோ காணும்" என்றாள். "செவப்பு எவ்வளவு இருக்குன்னு பாரு. கிறிஸ்மசுக்கு ஒரு பெரிய நட்சத்திரம் போடணும்."